புக்கெகோஹியில் பன்னிரண்டு மணிக்குள்

வியாழன், பிற்பகல் இரண்டரை மணி. திருச்சியில் கிளம்பி, சிங்கப்பூரில் விமானம் மாறி, ஆக்லாந்தில் இறங்கியபோது கால்கள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. சுங்கத்தில் ஒரு பெண் என் பெட்டியைத் திறந்து பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், கறிவேப்பிலை மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள். கறிவேப்பிலை மட்டும் குப்பைக்குப் போனது. மற்றதைத் திருப்பித் தந்து, மறைக்காமல் எழுதிக் கொடுத்ததற்கு நன்றி என்றாள். என் பெட்டியைக் குடைந்தவர்கள் எனக்கே நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

மகள் தேன்மொழி காரோடு காத்திருந்தாள். அவள் வீடு பாட்டனி டவுன்ஸில். விமான நிலையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். வழியெங்கும் சாலை முனைகளில், புல்தரை ஓரங்களில், மரச்சட்டத்தில் அறைந்த பலகைகள். ஒவ்வொன்றிலும் பல் தெரியச் சிரிக்கும் ஒரு முகம்.

"இவ்வளவு பேர் வீடு விக்கிறாங்களாடி இங்க?" என்று கேட்டேன்.

"எலெக்‌ஷன்மா. மேயருக்கும் கவுன்சிலுக்கும்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளி ஆசிரியை. பதினொரு தேர்தலில் வாக்குச்சாவடிப் பணி, அதில் இரண்டு முறை தலைமை அலுவலர். பெட்டி வந்து இறங்குவதிலிருந்து அரக்கு சீல் வைப்பதுவரை எனக்குத் தெரியாதது இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் இந்த ஊரில் ஒலிபெருக்கி இல்லை, கொடி இல்லை, சுவரெழுத்து இல்லை. பலகைகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும் என்று சொன்னேன். மகள் சிரிக்கவில்லை, ரவுண்டானாவைப் பார்த்து ஓட்டினாள்.

வெள்ளி, மாலை ஆறு மணி. வேலை முடிந்து வந்த தேன்மொழி குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வேட்பாளர் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்வது அதில் இருந்தது. ஓட்டுச்சீட்டே தபாலில் வீட்டுக்கு வருமாம். டிக் போட்டு, கூடவே வரும் உறையில் வைத்து அனுப்பிவிட வேண்டுமாம். அவள் இரண்டு வாரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

"நீ இன்னும் குடியுரிமை வாங்கலையே?"

"வேண்டாம்மா. ரெசிடென்ஸ் இருந்து ஒரு வருஷம் இங்க வாழ்ந்திருந்தா போதும்."

குடியுரிமை இல்லாவிட்டாலும் வரி கட்டுகிற ஆளை மதிக்கிற ஊர் என்று நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே என்னுள் இருந்த தலைமை அலுவலர் விழித்துக்கொண்டார். "எங்க உக்காந்து போட்ட? சாப்பாட்டு மேசையிலயா? மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரா?"

"அவர் கிரிக்கெட் பாத்துட்டிருந்தார். நான் யாருக்குப் போட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

கேட்காததற்காக அவரை மெச்சுவதா, அக்கறை இல்லையே என்று வருந்துவதா என்று தெரியவில்லை. தபால் ஓட்டு வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்கு. மற்றவர்களுக்கு எப்படியும் பள்ளிக்கூடத்தில் சாவடி இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். பதினொரு தேர்தல் பார்த்தவளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது.

அந்த நேரத்தில்தான் மரியதாஸ் காய்கறிப் பெட்டியோடு வந்தார். மன்னார்க்காரர், ஐம்பது வயது கடந்தவர், தனி ஆள். தெற்கே புக்கெகோஹியில் காய்கறி தரம் பிரித்துக் கட்டும் கொட்டகையில் வேலை. விற்பனைக்குப் போகாத கோணல் கேரட்டையும் சிறுத்த பூக்கோசையும் வெள்ளிக்கிழமைகளில் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்து தருவார். நான் டீச்சராக இருந்தவள் என்று மகள் சொன்னதும், அவர் வாயில் நான் 'ரீச்சர்' ஆனேன்.

"ரீச்சர், நாளைக்கு எனக்கு லீவு. தோட்டங்கள் பாக்க வாறியளோ? காலமை எட்டு மணிக்கு வந்து ஏத்துறன்" என்றார். உடனே சரி என்றேன்.

சனி, காலை எட்டு மணி. சொன்ன நேரத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மழித்த முகம், பளபளக்கும் ஷூ. தோட்டம் காட்டப் போகிறவருக்கு இவ்வளவு அலங்காரமா என்று சீண்டினேன்.

"இண்டைக்கு எலெக்சன் எல்லோ ரீச்சர். எனக்கும் வோட்டு வந்திருக்கு." தெருவைப் பார்த்தபடி சொன்னார். "காலமையே போவமோ, பின்னேரம் போவமோ?"

கேட்டது யாரிடம்! உடனே அறிவுரை தயாரானது. "காலையில கூட்டமா இருக்கும். சாப்பிட்டு ரெண்டு மணிக்குப் போங்க, சாவடி காலியா இருக்கும். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஓம், அப்ப அப்பிடியே செய்வம்" என்று நிம்மதியானார்.

நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். வீடுகள் குறைந்து, புல்மேடுகள் வந்து, பிறகு மண்ணின் நிறமே மாறிவிட்டது. செம்பழுப்பு மண், சீப்பால் வாரியதுபோல வரிவரியாக, மேட்டின் உச்சிவரை. வெங்காயம், கீரை, உருளை. ஒரு வளைவில் ஆளில்லாத தட்டியில் பூக்கோசு அடுக்கியிருந்தது. விலை மூன்று டாலர், பக்கத்தில் பூட்டிய தகரப்பெட்டி. காசைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் காசு விழுந்த சத்தம் கேட்கும்படியாகத்தான் போட்டேன், பழக்கம்.

மணி பத்தே முக்கால். ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு தோட்டக்காரர் வீட்டின் பின்புறம் இரண்டு அறையில் மரியதாஸ் குடியிருந்தார். தேநீர் வந்தது, கூடவே மீன் கட்லட். சுவரில் மடு மாதா படம். அதன் அடியில் வேதாகமம். அதை எடுத்து, நடுவிலிருந்து ஓர் உறையை உருவி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

மேலே அப்பா பெயரும் சேர்த்து 'சூசை மரியதாஸ்' என்று அச்சாகியிருந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை.

"ஏன் பிரிக்கலை?"

"சீல் உடைச்சா செல்லாது எல்லோ? ஒஃபிசருக்கு முன்னால உடைக்கவேணும். லைசென்சும் எடுத்து வைச்சிருக்கிறன்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "மூண்டு கிழமையா வேதாகமத்துக்குள்ளதான் கிடக்கு. ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை."

பிறகு அவராகவே சொன்னார். பதினாறு வயதில் படகேறி ராமேஸ்வரம். இருபது வருடத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் முகாம். பிறகு மலேசியாவில் அகதி அட்டையோடு கட்டட வேலை. இங்கே வந்து இரண்டரை வருடம்.

"முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலதான் பூத் ரீச்சர். முதல் நாள் வாங்கில் மேசையெல்லாம் நாங்கள்தான் தூக்கிப் போடுறது. விடிஞ்சா முகாமை விட்டு வெளிய வரக்கூடாது. ஒவ்வொரு பேராக் கூப்பிடுறது மட்டும் மதிலுக்கு இஞ்சால கேக்கும்." தேநீரை ஆற்றினார். "எனக்கு இதுதான் முதல் வோட்டு."

பெஞ்சு தூக்கும் ஆட்களை நானும் ஏவியிருக்கிறேன். எங்கிருந்து வந்தீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்தக் கூச்சத்தில், சாவடி எந்தப் பள்ளியில் என்று விசாரிக்கலாமென்று மகளுக்குப் போன் போட்டேன். அவள் கடையில் வேலையாக இருந்தாள்.

"என்னம்மா சாவடி? அப்படி ஒண்ணும் கிடையாது. போஸ்ட்ல போடணும், இல்ல ஆரஞ்சுப் பெட்டியில போடணும். போஸ்ட் எல்லாம் இனிமே போய்ச் சேராது. இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணியோட க்ளோஸ்மா. மணி இப்பவே பதினொண்ணு பதிமூணு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மரியதாஸ் கேட்டுவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கும் தெரியாதுதானே ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவள் நான். என் வாய்ச்சவடாலால் ஒரு மனிதனின் முதல் ஓட்டு பறிபோகப் போகிறது. புக்கெகோஹியின் நடுவில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் பெட்டி இருப்பதாக மகள் தேடிச் சொன்னாள்.

"பிரிங்க, நான் சொல்றேன் பிரிங்க" என்றேன். அவர் கத்தி எடுத்து ஓரத்தை அறுவைச் சிகிச்சை செய்வதுபோல அறுத்தார். உள்ளே சீட்டு, புத்தகம், திருப்பி அனுப்பும் உறை. மேயருக்கு ஒரு பகுதி, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று, உள்ளூர் வாரியத்துக்கு ஒன்று. டிக் போட வேண்டும், சீட்டில் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"ஆருக்குப் போடுறது ரீச்சர்?"

"அதை நான் சொல்லக் கூடாது." எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பதினொன்று இருபத்தைந்து. அவர் டிக் போட்டுவிட்டு எழுவார் என்று நினைத்தேன். பக்கம் புரட்டும் சத்தம்தான் கேட்டது. ஒவ்வொருவர் எழுதியதையும் எழுத்துக்கூட்டி, உதட்டுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மரியதாஸ், நேரமாகுது."

"வாசிக்காமப் போடுறதெண்டா போடாமலே விடலாமே ரீச்சர்."

இதைவிட நல்ல வாக்காளரை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லும் பொறுமைதான் என்னிடம் இல்லை. வெளியே வெங்காயத் தாள்கள் காற்றில் சாய்ந்து எழுந்தன. நான் நகத்தைக் கடித்தேன். அறுபத்து மூன்று வயதில். பின்னால் மெதுவாகக் கேட்டார்: "மேயர் பெரிய ஆள், அவர் எங்கட றோட்டுக்கு வரமாட்டார். மழை வந்தா கொட்டகை றோட்டு முழுக்க வெள்ளம். அதைச் சரிக்கட்டுறது ஆரின்ர வேலை?"

"வாரியத்துல கேட்கலாம், கவுன்சிலர்கிட்டயும் கேட்கலாம்" என்று ஜன்னலிடம் சொன்னேன். பேனா கீறும் சத்தம் வந்தது.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு உறையை ஒட்டினார். காரில் ஏறினோம். சீட்பெல்ட் போட்டு, கண்ணாடி பார்த்து, ஐம்பது என்று எழுதிய சாலையில் ஐம்பதிலேயே போனார். முன்னால் ஒரு டிராக்டர். அதை முந்தவும் இல்லை. "இந்த நாட்டுக்கு முதல் முறையா ஒண்டு குடுக்கப் போறன். பிழை விட்டுக்கொண்டு போகேலாது" என்றார். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மடு மாதாவையும் விடவில்லை.

பதினொன்று ஐம்பத்து மூன்று. சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பெட்டி நின்றது. ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் "கியா ஓரா" என்று வரவேற்றாள். மரியதாஸ் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். அவள் சிரித்து, அதெல்லாம் வேண்டாம், உள்ளே போட்டால் போதும் என்றாள்.

அவர் போடவில்லை. உறையைப் பிடித்தபடி நின்றார். ஆட்கள் பாலும் ரொட்டியுமாக எங்களைக் கடந்து போனார்கள்.

"என்னாச்சு?"

"இவ்வளவும்தானோ ரீச்சர்?" குரல் இறங்கியிருந்தது. "பேர் கூப்பிடமாட்டினமோ?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் சாவடிகளில் முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இருபது வருடம் கேட்டவர் இவர். நான் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். மைக் இல்லாமல் ஐந்நூறு பிள்ளைகளுக்குப் பிரார்த்தனை நடத்திய குரல் இன்னும் மிச்சம் இருந்தது.

"சூசை மகன் மரியதாஸ்."

தள்ளுவண்டி தள்ளியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் அவளும் நேராக நின்றாள்.

"ஓம், நான்தான்" என்றார் மரியதாஸ். ஓரடி முன்னால் வந்து உறையைப் போட்டார். அது விழுந்த சத்தம்கூட வரவில்லை. பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்தேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னாள். வியாழக்கிழமையிலிருந்து இந்த ஊர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் சொல்ல வேண்டியவள் நான். என் அறிவுரையின் பழியிலிருந்து ஏழு நிமிட வித்தியாசத்தில் என்னைக் காப்பாற்றி அனுப்பிய ஊர் இது.

எதிரில் இருந்த கடையில் காபி வாங்கிக் கொடுத்தேன், ஒன்று ஆறு டாலர். பன்னிரண்டு அடித்ததும் அந்தப் பெண் பெட்டியைப் பூட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே குடித்தோம். காவலுக்குத் துப்பாக்கி இல்லை, அரக்கும் இல்லை. ஒரு சக ஊழியரோடு சேர்ந்து காரில் ஏற்றிக்கொண்டு போனாள். இவ்வளவு நம்பிக்கை ஓர் ஊருக்குத் தாங்குமா என்று என் பழைய மனம் கேட்டது. தாங்குகிறவரை நல்லது என்று காபியைக் குடித்தேன். நாலு மணிக்கு என்னைப் பாட்டனி டவுன்ஸில் இறக்கிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவரிடமிருந்து போன். முதல்கட்ட முடிவுகளைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்.

"ரீச்சர், நான் போட்ட ஆள்..."

"சொல்லாதீங்க, ரகசியம்" என்று பதறினேன்.

"பேர் சொல்லேல்லை ரீச்சர். தோத்துட்டார். வெள்ளத்தைப் பற்றி எழுதினவர்." அவர் குரலில் வருத்தத்தைத் தேடினேன். கல்யாண வீட்டிலிருந்து பேசுகிறவர் போல இருந்தார். "இவ்வளவு காலமும் ஆர் வெண்டாலும் தோத்தாலும் எங்களுக்கு என்ன? இண்டைக்குத்தான் ரீச்சர் எங்கட ஆள் ஒருத்தர் தோத்திருக்கிறார்."