தோற்ற வருடத்துக் கோப்பை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் என் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோப்பை இருக்கிறது. கபடி லீகில் எங்கள் அணி இரண்டு முறை சாம்பியன் ஆனது. அந்தக் கோப்பைகள் அணியின் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வீட்டுக்கும் வராது. என் வீட்டில் இருப்பது நாங்கள் ஃபைனலில் தோற்ற வருடம் எனக்கு மட்டும் கொடுத்த சிறந்த தடுப்பாட்டக்காரர் கோப்பை.

அந்த ஃபைனலில் கடைசி ரெய்டு வரை ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். ஒதுங்கி நின்று ரெய்டரை வெறுங்கையோடு அனுப்பியிருந்தாலே போதும். எனக்கோ தனிப் பரிசுக்கு இன்னும் ஒரு பிடி வேண்டும் என்ற நினைப்பு. வழக்கம்போல என்னோடு கைகோத்து நின்ற கூட்டாளி, "பேட குரு, பேட" என்று கன்னடத்தில் தடுத்தான். அவன் கையை உதறிவிட்டு ரெய்டரின் காலில் பாய்ந்தேன். எனக்குத் துணையாக அவனும் வந்து விழுந்தான். ரெய்டர் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டான். எதிரணிக்கு இரண்டு பாயின்ட் போனது; ஒரு பாயின்டில் தோற்றோம். அந்தப் பிடி இல்லாமலே பரிசு எனக்குத்தான் என்பது மேடையில்தான் தெரிந்தது.

இப்போது முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏறவே அலுப்பாக இருக்கிறது. போன ஞாயிறு அந்தக் கூட்டாளி என் வீட்டுக்கு வந்தான். யார் வந்தாலும் காட்டுவதுபோல, என் மனைவி அவனிடமும் கோப்பையை நீட்டினாள்.

"பாருங்கண்ணா, இவங்க டீமுக்கு ஜெயிச்சுக் குடுத்த கப்பு."

இத்தனை வருடமாக நான் அவளைத் திருத்தவில்லை. இனித் திருத்தத் தெம்பும் இல்லை.

அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரியும்மா. அன்னிக்கு இவன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னது நான்தான்."