மூட்டை இறக்கிய பொம்மை மனிதன்

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தே அரிசிக்கடை, லாரி, மாடி வீடு எல்லாம் உண்டாக்கினேன். போன வருஷம் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நோவு தீர்ந்த பிறகும் குனியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை மனிதன் குனிந்து பெட்டி தூக்கினான். "இதுபோல செய்ய எத்தற பேடி, அப்பூப்பா? பயத்துக்குப் பத்தில் எத்தனை மார்க்கு?" என்று டாக்டர் பெண் மலையாளம் கலந்து கேட்டாள். வீம்புக்குப் பூஜ்யம் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. 'பயமில்லை' என்று எழுதிவிட்டாள்.

கூட வந்த மைத்துனன் கடையில் எல்லோரும் கேட்கச் சிரித்தான். "அத்தானுக்கு நோவுமில்ல, பயமுமில்ல. வெறும் மடியாக்கும்!"

உழைத்தவனையா சோம்பேறி என்பது? விடுவேனா?

மறுவாரமே போய், "மோளே, பெட்டி வேண்டாம். முதுகில் மூட்டையோடு லாரியிலிருந்து பலகையில் இறங்குகிறவனைக் காட்டு" என்றேன். கால் வைப்பது, கை பிடிப்பது எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். புதுப் பொம்மை தயாரானதும் மைத்துனனையும் இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பொம்மை இறங்க இறங்க என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. "பத்து" என்றேன். "இப்ப சொல்லுலே, மடியா?" என்று மைத்துனன் பக்கம் திரும்பினேன்.

இப்போது கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். டாக்டர் பெண் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி கொடுத்தாள்; அதனால்தான் பயம் தெளிந்து குனியப் பழகினேன். தினமும் மைத்துனன் கண் முன்னால் குனிந்தே கடைப்பூட்டைத் திறக்கிறேன்.

அந்தப் பொம்மையைத்தான் இன்று எல்லாச் சுமைத் தொழிலாளிகளுக்கும் காட்டுகிறார்கள். அடியில் டாக்டர் பெயர் மட்டும் இருக்கிறது. மூட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பெயரையும் போடணும்.