மணவாளக்குறிச்சிக்கு ஒரு நாள்: மக்கும் பையில் மை ஒட்டாத கதை

2013 ஜூன் இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மதுரையிலிருந்து மணவாளக்குறிச்சிக்குப் போய் அன்றைக்கே திரும்பினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நேரமும் கட்டணமும் பயன்படுமே என்று எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது மற்றதையும் விட முடியவில்லை.

என் வேலை கொரோனா இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. பிளாஸ்டிக் பிலிமில் நேராக அச்சடித்தால் மை விரலோடு வந்துவிடும். அதனால் அச்சுக்கு முன் பிலிமை இந்த இயந்திரத்தில் ஓர் உருளைமேல் ஓடவிட்டு, மேலிருந்து ஊதா நிறத்தில் பொடிப்பொடியான மின்பொறிகளை விழச் செய்வார்கள். அப்புறம் மை பிடித்துக்கொள்ளும். பொறியின் பவரை எண் போட்ட ஒரு திருகால் கூட்டலாம், குறைக்கலாம். மரச்சீனி மாவு கலந்த மக்கும் பிலிமுக்கும் இது வேண்டும். ஆனால் அது கொஞ்சம் நோஞ்சான் பிலிம். காற்றில் ஈரம் இருந்தாலே முகம் மாறிவிடும்.

சேவியர் என்பவர் பதினோரு வருடம் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் இருந்துவிட்டு வந்து, மணவாளக்குறிச்சிக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே ஒரு ஷெட் போட்டு மக்கும் பை அடிக்கிறார். இயந்திரத்தில் சந்தேகம் என்றால் எனக்குப் போன் வரும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குக் கெடுபிடி இருந்த நேரம். பையில் 'மக்கும் பை' என்ற எழுத்தும் தயாரித்தவர் பெயரும் இருந்தால்தான் கடைக்காரர் தப்பிப்பார். எழுத்து அழிந்தால் சாதாரணப் பிளாஸ்டிக் என்று பறிமுதல் செய்துவிடுவார்கள். சேவியரின் பையில் எழுத்து அழிந்துகொண்டிருந்தது. "ஒரு தடவ நேருல வந்து பாருங்க சார்" என்று போனில் கேட்டார்.

மாட்டுத்தாவணியில் காலை 5.10 பஸ். நாகர்கோவிலுக்கு 140 ரூபாய். வள்ளியூர் தாண்டியதும் வானம் இருட்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது, ஜன்னல் தகரத்தை இறக்கியும் மடி நனைந்தது. ஜூனில் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலில் உட்கார வேண்டாம். 10.40க்கு நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம். அங்கிருந்து அண்ணா பஸ் நிலையத்துக்கு ஆட்டோ 50 ரூபாய். மணவாளக்குறிச்சிக்கு டவுன் பஸ் 13 ரூபாய், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம்.

இறங்கி ஆட்டோ பிடித்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய். சேவியர் கம்பெனி என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பை கிழியுமே, அந்தக் கம்பெனியா?"

"கிழியுமா?"

"எனக்க பெஞ்சாதி சாளை வாங்கிட்டு வந்தா சார். சந்த முக்குல வச்சு ஓரம் விட்டுப் போச்சு. மீனு முழுக்க ரோட்டுல. அதுக்க பெறவு இங்க யாரும் அந்தப் பைய தொடுகது இல்ல."

எழுத்து அழிவதைப் பற்றித்தான் சேவியர் சொல்லியிருந்தார். ஓரம் விட்டதைச் சொல்லவில்லை.

ஷெட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். மெலிந்த மனிதர், சட்டையை நேர்த்தியாக உள்ளே விட்டிருந்தார். மழைச் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ஓரம் விட்டதைப் பற்றிக் கேட்டேன்.

"அது பிப்ரவரில, சார். ஆப்பரேட்டர் ஒருத்தி இருந்தா, ஸ்டெல்லா. பவரைக் கண்டபடி ஏத்தி வச்சிட்டா. அவள நிறுத்தியாச்சு. பெறவு நான் பழையபடி ரெண்டுல வச்சேன். இப்போ ஓரம் ஒட்டுகு, மை நிக்க மாட்டேங்குது."

சோதிக்கும் பேனாவால் ஒரு பழைய சுருளில் கோடு இழுத்தேன். கோடு உடனே முத்து முத்தாகப் பிரிந்தது. மின்பொறி பட்ட தடயமே இல்லை. எப்போது ஓட்டிய சுருள் என்று கேட்டேன். இரண்டு வாரம் ஆகிறது என்றார். அந்த ஈரக் காற்றில் இரண்டு வாரம் கிடந்தால் எதுவும் மிஞ்சாது. ஓட்டிய அன்றே அச்சடிக்க வேண்டும், பவரை மூன்றில் வைத்தால் போதும். காரணம் இவ்வளவுதான்.

பவரை மாற்ற மின்பெட்டியின் கதவைத் திறந்தேன். உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது:

'20-1. மதுரை சார் போனில் சொன்னது 8. மேளச் சத்தம். ரெண்டு தடவ கேட்டேன். எட்டுதான்.'

"அது அவ எழுதினது" என்றார் சேவியர். "பிடிபட்ட பெறவு எழுதியிருப்பா. நான் ஒங்ககிட்டயே விளிச்சுக் கேட்டேனே. நீங்க அப்பிடிச் சொல்லலன்னு சொன்னிய."

சொன்னேன்தான். பிப்ரவரியில் அவர் கேட்டபோது வேறொரு கம்பெனியில் கை வேலையாக இருந்தேன். "நான் எதுக்குங்க எட்டு வைக்கச் சொல்றேன்" என்று சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஜனவரி இருபதாம் தேதி திருமங்கலத்தில் என் மச்சினன் கல்யாணம். பந்தியிலிருந்து எழுந்து வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மை ஒட்டவில்லை என்று கேட்ட யாரோ ஒரு பெண்ணிடம் பேசியது அந்தக் கதவைப் பார்த்ததும் நினைவு வந்தது. சாதாரண பாலிதீனுக்குச் சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறேன். எட்டில் வைத்தால் மக்கும் பிலிமின் உள்பக்கம் வரை கெட்டுப்போகும். பிறகு சூட்டில் ஓரம் ஒட்டாது. என்ன பிலிம் என்று நான் கேட்கவே இல்லை.

உடனே சொல்லவில்லை. மூன்றில் வைத்துப் புதுச் சுருள் ஓட்டி, அச்சடித்து, காய்ந்ததும் டேப் ஒட்டிப் பிடுங்கிப் பார்த்தேன். மை அசையவில்லை. ஓரத்தை இழுத்தேன், விடவில்லை. சேவியர் அந்தப் பையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் சொன்னேன்.

"எட்டு வைக்கச் சொன்னது நான்தாங்க. அந்தப் பொண்ணு எழுதியிருக்கறது உண்மை."

அவர் பையை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

"அவ மாதா மேல ஆணையா சொன்னா சார்" என்றார். "நான் எல்லாரும் நிக்கச்சில கள்ளின்னு விளிச்சேன்."

மூன்றரைக்கு அவருடைய பைக்கில் கிளம்பினோம். ஸ்டெல்லா இப்போது அண்டி ஆபீஸில் வேலை செய்கிறாள். முந்திரி ஆலையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எட்டு கிலோமீட்டர், முழுக்க மழை. காவலாளி உள்ளே போய் அவளைக் கூட்டிவந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் விரல்கள் கறுத்துப் பொரிந்திருந்தன. சேவியரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

நான் யார் என்பதைச் சொன்னேன். செய்ததைச் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

"நீங்க மறந்திருப்பிய, செரி" என்றாள். "ஒரு தடவ நெனச்சுப் பாத்திருக்கலாம்."

சேவியர் தலையைக் குனிந்துகொண்டு, "திங்கக்கிழமை வா, ஸ்டெல்லா" என்றார்.

"வரல்ல அண்ணே. நீங்க விளிச்சது எனக்க மாப்பிள காதுக்கும் போச்சு. அந்த வாசல்ல நான் எப்பிடி ஏற?"

உள்ளே போகத் திரும்பியவள் நின்று, என்னிடம் கேட்டாள்.

"அப்போ எத்தனையில வைக்கணும்?"

"மூணு. ஓட்டின அன்னைக்கே அச்சடிக்கணும்."

"மூணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

சேவியர் என்னைத் திங்கள்சந்தையில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வடசேரி, அங்கிருந்து மதுரை. வழியில் எதையும் பார்த்ததாக நினைவில்லை. போன வாரம் பேசியபோது மை நன்றாக நிற்கிறது என்றார். பழைய கடைக்காரர்கள் இன்னும் வாங்கவில்லை. ஸ்டெல்லா வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன், ஜூலையில் குடை பயன்படாது, மழைக்கோட்டு வேண்டும். கடைசி நேரடி பஸ்ஸை நம்பாமல் திருநெல்வேலி மாறிப் போங்கள். மக்கும் பிலிம் என்றால் பவரைக் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். போனில் எண் சொல்லாதீர்கள், சொன்னால் எழுதி வையுங்கள். இன்னொன்று, அண்டி ஆபீஸில் உரித்த எடைக்குத்தான் கூலி. வேலை ஐந்து மணிக்கு விடும். நாங்கள் அவளை வாசலில் நிறுத்திவைத்த கால் மணி நேரமும் அவள் கூலியில்தான் போயிருக்கும். யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போவதானால் ஐந்துக்கு மேல் போங்கள்.