பிலோமினா டீச்சரும் நானும் பாத்த ஃபைனல்

பிலோ போயிட்டா.

காலைல அவ அண்ணன் பொண்ணு மெசேஜ் போட்டிருந்துச்சு. "அத்தை தவறிட்டாங்க டீச்சர்."

படிச்சேன். போனை வெச்சுட்டு உலை வெச்சேன். தண்ணி பாதியா சுண்டினப்பறம்தான் அரிசியே போடலன்னு தெரிஞ்சுது. அழுகை வரல... இன்னும் வரல.

ஜெயங்கொண்டத்துல எங்க ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்க நெறைய பேரு இந்த குரூப்புல இருக்கீங்க. ஒங்க பி.டி. டீச்சர் பிலோமினாதான். வரதராஜன்பேட்டைலேந்து பஸ்ல வருவாளே, கழுத்துல விசிலோட. நான் அதே ஸ்கூல்ல கணக்கு டீச்சர்.

பைப்பு நட்டு, மேல இரும்பு வளையத்த மாட்டி, நெட்பால்னு ஒண்ண ஒங்களுக்குக் காட்டினது அவதான். பந்தத் தரையில தட்டிக்கிட்டு ஓடக்கூடாது, கையில வாங்கிட்டா காலை நகத்தக்கூடாது. நகத்தினா "ஸ்டெப்பு! ஸ்டெப்பு!"ன்னு விசிலடிப்பா பாருங்க... காது கிழியும்.

எண்பதுகளோட ஆரம்பம். மெட்ராஸ்ல வெளிநாட்டு டீமெல்லாம் வந்து நெட்பால் ஆடுறாங்கன்னு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. கடைசி நாள் மேட்ச்சாவது பாத்தே தீரணும்னு ஒத்தக்கால்ல நின்னா பிலோ. தொணைக்கு என்னக் கூப்ட்டா.

எங்க வூட்டுக்காரரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "ஞாயித்துக்கிழமை ராத்திரி சோத்துக்கு நீ வூட்டுல இருக்கணும்." இருக்கலன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். இப்ப அவரும் இல்ல, சொன்னா என்ன.

ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் கிரவுண்டுல, காலைல பத்து மணிக்கு மேட்ச். பிலோ கொழாயில தண்ணி புடிக்கப் போயிருந்தா. அப்பத்தான் மைக்குல இங்கிலீஷ்ல சொன்னான்... இது மூணாவது எடத்துக்கான ஆட்டம், ஃபைனல் மூணு மணிக்கு. நான் மட்டும் கேட்டேன்.

மேட்ச் நடுவுல ஒரு பொண்ணு பந்தோட ரெண்டடி வெச்சுடுச்சு. பிலோ பழக்கதோஷத்துல கழுத்து விசில எடுத்து ஊதிட்டா! பதினாலு பேரும் அப்டியே நின்னுட்டாங்க. அம்பயர் எங்க பக்கம் திரும்பி மொறைக்கிறாரு. "ஸ்டெப்புதானடி அது, நீயே சொல்லு"ங்கறா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது எனக்கு.

மேட்ச் முடிஞ்சு கை குடுத்துக்கிட்டாங்க. கொஞ்சம் பேரு சாப்புட எழுந்தாங்க. மூணு மணி மேட்ச்சு முடிஞ்சு பஸ் ஏறினா நான் எப்ப வூடு போய்ச் சேர்றது? "முடிஞ்சிடுச்சு, வாடி"ன்னேன்.

"கப்பு குடுக்கலையேடி?"

"அதெல்லாம் ஹோட்டல்ல வெச்சுக் குடுப்பாங்க."

என் மூஞ்சியப் பாத்தா. பைய எடுத்துக்கிட்டு வந்துட்டா.

திங்கக்கிழமை ப்ரேயர்ல ஒங்க எல்லார்கிட்டயும் சொன்னாளே, ஃபைனல் பாத்தோம்னு. கடைசி கோல நடிச்சே காட்டினா. பேப்பர் வந்தா என் பொய் தெரிஞ்சிடுமேன்னு ஓடினேன். ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் வந்ததும் நான்தான் மொதல்ல பிரிச்சேன். கடைசிப் பக்கத்துல நெட்பால்னு தலைப்பு. படிக்கக்கூட இல்ல. கிழிச்சு டிபன் கூடையில திணிச்சுக்கிட்டேன். சாயங்காலம் அடுப்புல போட்டேன்.

அப்பறம் எத்தனையோ வருஷம்... ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதே இல்ல.

போன மாசம் பாக்கப் போயிருந்தேன். படுக்கையில இருந்தா, பாதி ஆளா. திடீர்னு கேட்டா.

"ஏன்டி சரசு, கப்ப ஹோட்டல்லயாடி குடுப்பாங்க?"

தூக்கிவாரிப் போட்டுது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அங்கயே தெரியும். நோட்டீஸ் என் பையிலதான இருந்துச்சு, மூணு மணின்னு போட்டு. லேட்டாப் போனா அந்த மனுசன் கைய நீட்டுவாருன்னுதான் எழுந்து வந்தேன்."

"அப்பறம் ஏன்டி ப்ரேயர்ல அப்டி சொன்ன?"

"பாக்கலன்னா ஏன்னு கேப்பாங்க. ஒன்னத்தான சொல்லணும்?"

போர்வைய இழுத்துப் போத்திவிட்டேன். அவதான் பேசினா. "சரி, யாருடி ஜெயிச்சது? நீயாவது பேப்பர்ல பாத்திருப்ப."

"பேத்திகிட்ட சொல்லி நெட்ல பாத்துச் சொல்றேன்டி"ன்னேன். வூட்டுக்கு வந்து மறந்துட்டேன். ஒரு மாசம் ஓடிப்போச்சு. என்னை என்ன சொல்றதுன்னே தெரியல.

இன்னிக்குக் காலைல பேத்திகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் தேடினா. "ஒண்ணும் கெடைக்கல அம்மாயி"ன்னுட்டா.

நாலு மணிக்கு அடக்கம்னு சொன்னாங்க. வரதராஜன்பேட்டை பஸ்ஸுக்கு நிக்கிறேன், நின்னுக்கிட்டேதான் இத எழுதுறேன்.

இன்னிக்கு என்னை யாரும் வூட்டுல தேட மாட்டாங்க பிலோ... முடியிற வரைக்கும் இருந்துட்டுத்தான் வருவேன்.