சேற்றிலிருந்து எடுத்த படகு

இத்தாலியின் பலெர்மோ நகரில் யோகராசாவுக்குத் தெரியாத விளக்கு இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சீனப் பெண்ணின் மொத்த விற்பனைக் கடையில் பெட்டி பிரித்து, விளக்கைப் பூட்டிப் பார்த்து, மறுபடி அடுக்கிச் சீவிக்கிற மனிதர் அவர். பல்லரோ சந்தையில் மீன் வெட்டுகிறவனின் தலைக்கு மேல் எரிகிற விளக்கும், கபோ சந்தையில் தக்காளியை இன்னும் சிவப்பாகக் காட்டுகிற விளக்கும் அவர் கைபட்டுப் போனவைதான். ஒரேத்தோ தெருவில் அவருடைய சொந்த வீட்டுக் கூடத்து விளக்கு மட்டும் எரியாமல் கிடக்கிறது. அதைப் பற்றி மனைவி தங்கேஸ்வரியிடம் கேட்டுவிடாதீர்கள், ஒரு பிரசங்கமே வைப்பார்.

கடைக்காரியை இத்தாலியர்கள் கார்லா என்பார்கள். உண்மைப் பெயர் ஹுயிமின். அதைச் சொல்லிப் பழக இந்த ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. அவள் பிறந்தது ஜோங்ஷான், தென்சீனத்தில் முத்தாறு கடலில் விழுகிற கழிமுகத்து நகரம். வியாபாரம் மந்தமான மதியங்களில் உடைந்த இத்தாலியனில் ஊர்க்கதை சொல்வாள். உடைந்த இத்தாலியனில் இவரும் கேட்பார்.

அந்த ஊர் மலை ஒரு காலத்தில் கடலுக்குள் தனித் தீவாக நின்றதாம். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தீவைக் கரையோடு ஒட்டிவிட்டதாம். புது மண்ணில் நெல் போட்டார்கள். பிறகு குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள், வரம்பில் மல்பெரியும் வாழையும் நட்டார்கள். இப்போது பல குளங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள். அருகில் ஒரு பட்டினம் முழுக்க விளக்குத்தான் செய்கிறது. கடலுக்கு மேலால் ஷென்சென்வரை பாலமும் போட்டாகிவிட்டது. யோகராசா முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவர். "மண்ணைக் குடுக்கிற தண்ணியை இப்பத்தான் கேள்விப்படுறன்," என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்காமல் அவர் தள்ளிவைத்த விஷயம் ஒன்று இருந்தது. தம்பி சாந்தரூபன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். பிள்ளைகள் இல்லை. அவன் மனைவி தர்மிளா முல்லைத்தீவில் தனியே இருந்தாள். அங்கே ஒரு காணியில் கிணறு வெட்டியபோது எலும்புகள் வந்தன. காணி முழுவதையும் தோண்டும்படி நீதிமன்றம் சொன்னது. உறவினரின் இரத்தத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் எலும்பை ஒப்படைப்பார்களாம். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாந்தரூபனுக்கு இரத்த உறவு என்று உலகத்தில் மிச்சம் யோகராசா ஒருவர்தான்.

"ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அத்தான்," என்று தர்மிளா போனில் கேட்டாள்.

"அவன் இருக்கிறான் பிள்ளை. எங்கையோ பிடிச்சு வைச்சிருக்கினம். இருக்கிறவனுக்கு நான் ஏன் இரத்தம் குடுக்கவேணும்?"

அவள் பிறகு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் நம்பிக்கையைத் தான்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக யோகராசாவுக்கு உள்ளூரப் பெருமை.

வைகாசி மதியம் ஒன்றில், விளக்கின் கண்ணாடிக் கூடு ஒன்றைத் துடைத்துக்கொண்டு நின்றவரைக் கார்லா கூப்பிட்டுப் போனை நீட்டினாள். அவள் தாயின் கிராமத்திலிருந்து வந்த வீடியோ. ஒடுங்கிய வாய்க்கால். இடுப்பளவு சேற்றில் நின்று ஆண்கள் வெறுங்கையால் சேறு அள்ளுகிறார்கள். கரையில் பெண்கள். ஊதுபத்தி புகைகிறது. ஒருவன் கத்த, எல்லோரும் அவனிடம் ஓடுகிறார்கள். கறுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று சேற்றிலிருந்து மெல்லத் தலைகாட்டுகிறது.

கண்ணாடிக் கூடு தரையில் விழுந்து நொறுங்கியது. அதை யோகராசா குனிந்தும் பார்க்கவில்லை.

"எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"துடுப்புப் போடவா? ஐம்பது பேர்வரை ஏறலாம்," என்ற கார்லா, அப்போதுதான் அவர் முகத்தைக் கண்டு திடுக்கிட்டாள். "யோகா, அது படகு. திருவிழாப் போட்டிக்கு ஓடுகிற படகு!"

அவர் பெட்டி ஒன்றின் மேல் குந்திவிட்டார். இப்படி ஊர் கூடி நின்று மண்ணைத் தோண்டுவதற்கு அவர் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது: புதைந்த மனிதரை எடுப்பது. அதைச் சொல்ல அவரிடம் இத்தாலியன் போதவில்லை. "என் தம்பி" என்று மட்டும் வந்தது. மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

கார்லா உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே பேசினாள். படகை வெயிலில் விட்டால் மரம் வெடித்துவிடும். அதனால் திருவிழா முடிந்ததும் சேற்றில் புதைப்பார்கள், அடுத்த வருடம் எடுப்பார்கள். ஊரே அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது.

"எடுக்காமல் விட்டால்?"

"சேற்றுக்குள்ளேயே கிடக்கும். தோண்டினால்தானே கழுவலாம்?"

தோண்டினால்தானே கழுவலாம். அவள் படகைச் சொன்னாள். யோகராசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியைக் கழுவ விடாமல் இத்தனை காலம் மறித்துக்கொண்டு நின்றது யார்? வேறு யாருமில்லை, தான்தான். கடை வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"தர்மிளா, நான் வாறன். இரத்தம் குடுக்கிறன்."

"ஓம் அத்தான்."

"அதுக்காக நம்பிக்கையை விட்டிடாதை பிள்ளை. அது அவனா இராது. சும்மா ஒருக்காப் பாக்கத்தான்..."

தர்மிளா இடைமறித்தாள்.

"அத்தான், எலும்புகளோடை எடுத்த உடுப்புகளைக் கழுவி, மேசையிலை பரப்பி எங்களுக்குக் காட்டினவை. அவரின்ரை சேட்டிலை ஒரு பொத்தான் கழண்டு போக, வெள்ளை கிடைக்காமல் நீலப் பொத்தான் வைச்சு நான்தான் தைச்சனான். அந்த நீலப் பொத்தானை நான் அண்டைக்கே கண்டிட்டன்."

யோகராசா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தெருவில் பேருந்து ஒன்று இரைந்துகொண்டு போனது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள், அவர் உயிரோடை இருக்கிறார், இருக்கிறார் எண்டு சொல்லிக்கொண்டிருந்தியள். உங்களுக்கு எப்பிடி அத்தான் சொல்லுறது?"