மேல் தாழ்ப்பாள்

அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டும் நுனியில் சற்றுப் பின்னால் வளைந்திருக்கும். ஊரார் தோளையும் முதுகையும் அழுத்தி அழுத்தி வந்த வளைவு. தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு கட்டில், கிரீச்சிடும் மின்விசிறி. அதுதான் அவளுடைய பிசியோதெரபி கிளினிக். யார் தோளைத் தொட்டாலும் நடுங்காத அந்த விரல்கள், கொழுந்தனின் வலது தோளைத் தொடும்போது மட்டும் நடுங்கின.

நடுங்காமல் என்ன செய்யும்? அவள் கணவர் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பவர். கயிற்றில் கட்டிய பலகையில் தொங்குவார். மொட்டைமாடியில் நின்று, தலைக்கு மேலிருக்கும் கப்பியில் அந்தக் கயிற்றை இழுத்துப் பிடிப்பவன் அவர் தம்பி. அவள் தாலி அந்தத் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் சாயங்காலம் அவனால் தலை வாரக்கூட முடியவில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததும் எலும்புக்கடியில் தசைநார் நசுங்கி முகம் வெளுத்தது. மேல்கை எலும்பை மெல்லக் கீழே நகர்த்தி, உள்ளே இடம் உண்டாக்கப் பார்த்தாள். “சில வாரம் கயிற்றைத் தொடாதே” என்றாள்.

காலையில் அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்து நின்றான். பின்னாலேயே கணவர், தோளில் கயிற்றுச் சுருளோடு.

“பாருங்க அண்ணி.” கையைக் காற்றாடி மாதிரி சுற்றினான். “இனிமே கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கலாம்.”

“உன் கைக்குத்தான் பொண்ணா?” என்று சிரித்த கணவர், அவள் பக்கம் திரும்பினார். “நீ கை வச்சா சரியாகாம போகுமா? சும்மா பயப்படுறே. நேத்து பலகை சட்டுனு ஒரு முழம் இறங்குச்சு. எனக்கே பயமில்லை. காத்துதான்னு இவன் சொன்னான்.”

அவள் கணவரிடம் வாசலைக் காட்டினாள்.

“நீங்க வெளியே இருங்க. ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புறேன்.”

கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், எக்கி இரண்டு கையாலும் தள்ளினால்தான் நகரும். பிறகு அவன் தோளைத் தொட்டாள். கை வலியின்றி உயர்ந்தது. ஆனால் விரலுக்கடியில் சதை கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரே ராத்திரியில் ஆறுகிற வலியா இது?

“வலி மாத்திரை போட்டியா தம்பி?”

“போங்க அண்ணி. உங்க கைவைத்தியம்தான்.”

மாத்திரையின் வேகம் தணியும்போது அவர் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார்?

“அப்போ உட்காரு. கொஞ்ச நேரம் கழிச்சு நீயே தாழ்ப்பாளைத் திறந்துட்டுப் போ.”

“இப்பவே போறேன்.”

“இப்ப விடமாட்டேன்.” கதவோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மின்விசிறி கிரீச்சிட்டது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. “உள்ளே என்ன, ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறீங்களா, கோர்ட்டு நடத்துறீங்களா?” என்று கணவரின் குரல். வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு ஏறியது. அவன் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. இடது கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

“திற.”

அவன் எழுந்தான். இரண்டு கைகளையும் தாழ்ப்பாளுக்குத் தூக்கினான். இடது கை எட்டியது. வலது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்தான், நெற்றியில் வேர்வை வழிந்தது. கை ஏறவில்லை.

“டேய், இன்னுமா? வெயில் ஏறிடுச்சு” என்று கணவர் கதவைத் தட்டினார்.

ஒரு காலத்தில் அரைக்கால் சட்டையில் அவளிடம் சோறு கேட்டு வந்த பிள்ளை, நெற்றியைக் கதவில் சாய்த்து அழுதான்.

“அண்ணே, இன்னைக்கு நீ தொங்காதே.”

வெளியே தட்டுவது நின்றது.

“என்னடா சொல்றே?”

“நான் வேலைக்கு வராம நின்னுட்டா உன்னை வேற எவன் கையில விடுறது? அந்தப் பயத்துல மாத்திரை போட்டுக்கிட்டேன். நேத்தும் அப்படித்தான். அது இறங்கினப்போ கயிறு நழுவிடுச்சு. காத்து இல்லைண்ணே.”

அவள் எக்கித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவு திறந்தது. எத்தனையோ உச்சிகளில் சிரித்துக்கொண்டே தொங்கிய மனிதர், ஒற்றைப் படியில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். தோளிலிருந்த கயிறு சரிந்து தெருவில் விழுந்தது. அதை எடுக்க மூவரில் ஒருவருக்கும் கை வரவில்லை.