வாசித்ததாகக் கருதப்பட்ட கட்டுரை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியில் வறட்சி நில வேளாண்மை பற்றி ஒரு தேசியக் கருத்தரங்கு நடந்தது. வறட்சியைப் பற்றிப் பேச அருப்புக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பாராட்டுகிறார்களா, வைகிறார்களா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

நான் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சீமைக்கருவேல மரங்களை வெட்டிய நிலத்தில் கம்பு ஏன் சரியாக முளைப்பதில்லை என்பது என் கேள்வி. அதற்காகப் பரளச்சிப் பக்கம் போய்ப் பை பையாக மண் அள்ளி வருவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

கருத்தரங்குக்குத் துணை நிற்கச் சென்னையிலிருந்து ஓர் ஆய்விதழ் முன்வந்தது. இளம் ஆய்வாளர்களுக்குத் தோள்கொடுப்பதே இதழின் நோக்கம் என்று அதன் ஆசிரியர் எழுதியிருந்தார். அந்தத் தோளை முதல் நாள் காலையில் பார்த்தோம். மேடைக்குப் பின்னால் இதழின் பெயர் எழுதிய நீளத் துணி. ஆளுக்கொரு ரெக்சின் பை, அதிலும் இதழின் பெயர். பைக்குள் விற்காமல் தேங்கிய பழைய இதழ் ஒன்று. இவற்றோடு ஒரு ஓவர்ஹெட் புரொஜெக்டர். கட்டுரை படிப்பவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடித் தாளில் எழுதி வர வேண்டும் என்று முன்பே உத்தரவு வந்திருந்தது. கரும்பலகை இருந்தால் அறிவியல் கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ, அதைத் தூக்கி வராந்தாவில் சாத்திவிட்டார்கள்.

தொடக்கவுரையில் ஆசிரியர் தம் இதழ் நாட்டுக்கு ஆற்றிய தொண்டை விளக்கினார். அவர் முடிப்பதற்குள் டீ ஆறி, மறுபடி சூடாக்கி, மறுபடியும் ஆறிவிட்டது. எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி அதிலேயே போனது. மீதியைக் கரண்டு எடுத்துக்கொண்டு போனது. சரியாக என் முறை வந்தபோது விசிறிகள் நின்றன, புரொஜெக்டரும் கண்ணை மூடியது.

ஆசிரியர் மேடையேறினார்.

“யாரும் கவலைப்பட வேண்டாம். மீதமுள்ள கட்டுரைகள் வாசித்ததாகக் கருதப்படும். எங்கள் சிறப்பிதழில் அப்படியே வெளியாகும்.”

பலத்த கைதட்டல். மணி சாப்பாட்டை நெருங்கியிருந்தது. நாங்கள் வாசித்ததாக, அவர்கள் கேள்வி கேட்டதாக, நாங்கள் பதில் தெரியாமல் முழித்ததாக எல்லாமே கருதப்பட்டுவிட்டன. அறிவியல் இவ்வளவு வேகமாக முன்னேறி நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் இயற்பியல் துறைத் தோழி உட்கார்ந்திருந்தாள். பாளையம்பட்டிக்காரி. ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை.

“ஏக்கா, கருதிக்கிட்டுப் போறதுக்கா இம்புட்டு மண்ணச் சுமந்தீக? எந்திரிங்க. போர்டு வெளியதான கெடக்கு” என்றாள். அவள் நினைத்தது என்னவோ ரகசியமாகச் சொல்லத்தான். பந்திக்குக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் எங்கள் பின்னாலேயே வராந்தாவுக்கும் வந்துவிட்டார்கள்.

சாக்பீஸை எடுத்தேன். படம் போட்டு, முளைப்பு விவரங்களை எழுதி, அந்த நிலம் இனிக் கம்புக்கு ஆகாது என்ற முடிவு வரை முழுதாகச் சொல்லி முடித்தேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்திருந்த நடுவயது ஆய்வாளர் ஒருவர் கேட்டார்: “இதெல்லாம் மரம் வெட்டின உடனே எடுத்த மண்ணுதானம்மா? வெட்டி நாலஞ்சு மழை பாத்த நெலத்துல வெதச்சுப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. என் ஆய்வைக் காதில் வாங்கி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

சாப்பாட்டுக்குப் பிறகு இதழாசிரியரைத் தேடிப் போனேன்.

“சார், என் கட்டுரைய இப்ப அச்சுக்குக் குடுக்காதீங்க. இன்னொரு தடவ வெதச்சுப் பாக்கணும்.”

“எதுக்கும்மா பயம்? வாசிச்சாச்சு. யாருமே ஆட்சேபிக்கலையே.”

“நான் வாசிக்கவே இல்லையே, சார்.”

“அதான் ஆட்சேபணையும் இல்லை” என்றார், எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில்.

ஐப்பசி மழைக்குப் பரளச்சியில், சில வருடங்களுக்கு முன்பே சீமைக்கருவேலம் வெட்டிய ஒருவரின் மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்தேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்து வந்தது. வரப்பில் நின்று என் முடிவு பொய்யானதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன டீச்சரு, கம்பு மொளச்சதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?” என்று காட்டுக்காரர் கேட்டார். சிரித்து வைத்தேன்.

சிறப்பிதழ் வந்தது. சீமைக்கருவேலம் நின்ற நிலத்தில் இனிக் கம்பு விளையாது என்று என் பெயரில் அச்சாகியிருந்தது. திருத்தம் அனுப்பினேன். புதிய ஆய்வுகளுக்கே இடம் போதவில்லை என்று பதில் வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அந்தச் சிறப்பிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“ஆய்வேட்டில் ஒன்று, அச்சில் ஒன்று. எதை நம்புவது?”

“ஆய்வேட்டை, சார். அச்சுல வந்தது தப்பு.”

“இவ்வளவு பெரிய இதழில் வந்ததைத் தவறு என்று சொல்ல நீங்கள் யார்?”

“அத எழுதினவ, சார்.”

பின்னால் உட்கார்ந்திருந்த மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுத்துமூலமான விளக்கம் கேட்டார். என் கட்டுரைக்கு எதிராக நானே பக்கம் பக்கமாக வாதாடினேன். பட்டம் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது.

திருநெல்வேலிக்காரருக்குப் புது முடிவுகளை அனுப்பியிருந்தேன். அவர் பதிலில் பாராட்டு ஒரு வரிகூட இல்லை. பரளச்சிக் கரிசல் காட்டில் சரி, செம்மண்ணில் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை. மழைக்காலம் பிறந்ததும், செம்மண் காடு தேடித் தோழியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.